'லுக்': சொல் ஒன்று, வால் பல

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் கல்லூரியை முடித்துவிட்டு இப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்திருக்கிறாள். ஒருநாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம், போனை நீட்டியபடி வந்து நின்றாள். "அக்கா, லீவு மெயில் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க." நான்கு வரி மெயில். மூன்றாவது வரி இது: "ஐ ஹேவ் டு லுக் மை மதர்."

அவள் அம்மாவுக்கு முதல்நாள்தான் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. சொட்டு மருந்து விட, சாப்பாடு எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும். "அம்மாவைப் பார்க்கணும்" என்று மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, 'பார்' இருந்த இடத்தில் 'லுக்'கை உட்கார வைத்திருக்கிறாள். "லுக் ஆஃப்டர் மை மதர்னு மாத்தும்மா" என்றேன். மாற்றினாள். ஆனால் போகவில்லை. "லுக்னாலே பார்க்கிறதுதானே அக்கா, நடுவுல இந்த ஆஃப்டர் எதுக்கு?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆற அமர எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்; வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் பிடிபடும்.

முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு நம் 'பார்' என்ன செய்கிறது என்று கவனிப்போம். இந்த நான்கு வாக்கியங்களையும் மெதுவாகப் படியுங்கள்.

வீடு பார்த்தேன்.
வீட்டைப் பார்த்தேன்.
வீட்டுக்குள் பார்த்தேன்.
வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நான்கிலும் வீடும் பார்ப்பதும்தான் இருக்கின்றன. ஆனால் முதலாவதைச் சொன்னால் வாடகைக்கோ விலைக்கோ வீடு தேடி அலைந்தேன் என்று புரிகிறது. இரண்டாவதில் வீடு என் கண் முன்னால் நிற்கிறது. மூன்றாவதில் கண் வாசலைத் தாண்டி உள்ளே போகிறது. நான்காவதில் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காவலுக்கு இருந்திருக்கிறேன். இதையெல்லாம் யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. ஓர் 'ஐ' இருக்கிறதா இல்லையா, ஓர் 'உள்' சேர்ந்திருக்கிறதா, வினைக்குப் பின்னால் ஒரு 'கொள்' வந்திருக்கிறதா என்பதை வைத்துக் காது தானாகவே பிரித்துக்கொள்கிறது.

இதே நான்கை ஆங்கிலத்தில் சொன்னால்: "ஐ லுக்ட் ஃபார் எ ஹவுஸ்", "ஐ லுக்ட் அட் தி ஹவுஸ்", "ஐ லுக்ட் இன்டூ தி ஹவுஸ்", "ஐ லுக்ட் ஆஃப்டர் தி ஹவுஸ்". 'லுக்' அசையவே இல்லை. மாறியதெல்லாம் அதற்குப் பின்னால் ஒட்டிய சின்னச் சொல்தான். தமிழ் சொல்லின் கடைசியில் ஒட்டும் வேலையை ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு தனிச்சொல்லை நிறுத்திச் செய்கிறது. அந்தத் தனிச்சொல்லுக்குப் பெயர் பிரிபொசிஷன். தமிழில் முன்னிடைச்சொல் என்பார்கள். முன்னிடைச்சொல்லும் அதற்கு அடுத்த பெயரும் சேர்ந்த துண்டுதான் முன்னிடைச் சொற்றொடர். "ஃபார் எ ஹவுஸ்" ஒரு துண்டு. "ஆஃப்டர் மை மதர்" ஒரு துண்டு. நான் இதை வால் என்று கூப்பிடப்போகிறேன், சுருக்கமாக இருக்கிறது.

பள்ளியில் படித்த வேற்றுமை நினைவிருக்கிறதா? தொல்காப்பியம் அடுக்கும் வரிசை: பெயர், ஐ, ஒடு, கு, இன், அது, கண், விளி. 'அவன்' தனியாக நின்றால் அவன். 'ஐ' ஒட்டினால் அவனை. 'கு' ஒட்டினால் அவனுக்கு. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு இப்படி வேற்றுமை விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப்போக அவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன. விகுதி போன இடத்தில் சொற்களின் வரிசையும் முன்னிடைச்சொற்களும் வந்து பாரத்தைத் தூக்கிக்கொண்டன. பழைய வீட்டின் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது: 'ஹி' என்பது 'ஹிம்' ஆகிறது, 'ஷி' என்பது 'ஹெர்' ஆகிறது. அதனால்தான் "லுக் அட் ஹி" என்று சொல்லக்கூடாது, "லுக் அட் ஹிம்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவன் பார்" என்று நாம் சொல்லமாட்டோம் அல்லவா, "அவனைப் பார்" என்கிறோமே, அதே கதைதான்.

சரி, இனி வால்களுக்கு வருவோம். எல்லா வாலையும் ஒரே அளவுக்கு விளக்கப்போவதில்லை. சிலவற்றில்தான் சங்கதி இருக்கிறது.

'அட்' என்பது ஒரு புள்ளி. குறி வைப்பது. வில்லை எடுத்து நாண் ஏற்றி இலக்கைப் பார்ப்பதுபோல. "லுக் அட் தி கிளாக்" என்றால் உன் பார்வை போய் அந்தக் கடிகாரத்தில் விழட்டும் என்று பொருள். இது 'லுக்'கோடு நின்றுவிடுவதில்லை. ஒன்றைக் குறிவைக்கும் வினைகள் பலவும் இந்த வாலைத்தான் பிடித்துக்கொள்கின்றன: ஸ்டேர் அட், பாயிண்ட் அட், ஸ்மைல் அட், லாஃப் அட், ஷவுட் அட். "ஹி த்ரூ தி பால் டு மீ" என்றால் நான் பிடிக்கட்டும் என்று பந்தை என்னிடம் எறிந்தான். "ஹி த்ரூ தி பால் அட் மீ" என்றால் என்மேல் விட்டெறிந்தான். பந்து ஒன்றுதான், ஆளும் ஒருவன்தான். 'டு' இருந்தால் விளையாட்டு, 'அட்' வந்தால் சண்டை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. "ஷி ஸ்மைல்ட் அட் மீ" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "என்னைப் பார்த்துச் சிரித்தாள்." "ஹி ஷவுட்டட் அட் மீ"? "என்னைப் பார்த்துக் கத்தினான்." 'அட்' செய்யும் வேலைக்கு நாம் 'பார்த்து' என்பதையே ஓர் உருபுபோலப் பயன்படுத்துகிறோம்! 'அட்'டுக்குள் ஒரு பார்வை ஒளிந்திருக்கிறது என்பதை நம் பேச்சு எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "டாக்டரைப் பார்க்கப் போனேன்" என்பதற்கு "ஐ வென்ட் டு லுக் அட் தி டாக்டர்" என்று எழுதினால் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பதற்காகவே கிளம்பிப் போனதுபோல ஆகிவிடும். அங்கே வேண்டியது 'சீ', அதுவும் வால் இல்லாமல்: "ஐ வென்ட் டு சீ தி டாக்டர்." ஆனால் டாக்டர் உங்கள் முழங்காலைப் பார்த்தால் அது "தி டாக்டர் லுக்ட் அட் மை நீ" தான். கண் போய் அங்கே நிலைக்கிறது.

அடுத்தது 'ஃபார்'. இதுதான் நம்மவர்களைப் படுத்தும் வால். 'ஃபார்' என்றால் ஒன்றுக்காக, ஒன்றை வேண்டி. கையில் இல்லாததற்கு வரும் வால் இது. வெயிட் ஃபார், ஆஸ்க் ஃபார், சர்ச் ஃபார் எல்லாம் ஒரே குடும்பம். காத்திருக்கிற பஸ் இன்னும் வரவில்லை, கேட்ட பணம் இன்னும் கைக்கு வரவில்லை, தேடுகிற சாவி இன்னும் அகப்படவில்லை. "லுக் அட் தி கீ" என்றால் சாவி கண்ணெதிரே கிடக்கிறது. "லுக் ஃபார் தி கீ" என்றால் கிடக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தமிழில் தேடுவதற்கும் 'ஐ'தான் போடுகிறோம்: சாவியைத் தேடினேன். அதனால் ஆங்கிலத்தில் "ஐ சர்ச்ட் மை கீ" என்று எழுதிவிடுகிறோம். அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு, நீங்கள் சாவியைத் தலைகீழாகப் பிடித்து அதற்குள் எதையோ துழாவியதுபோலத் தோன்றும். ஏனென்றால் வால் இல்லாத 'சர்ச்'சுக்குச் சோதனை போடுவது என்று பொருள். போலீஸ்காரர் பையைச் சோதனை போட்டால் "சர்ச்ட் தி பேக்". நீங்கள் தொலைந்த பையைத் தேடினால் "சர்ச்ட் ஃபார் தி பேக்". நாம் பையைத் தேடினேன், பையில் தேடினேன் என்று ஐயும் இல்லும் போட்டுப் பிரிக்கிறோமே, அதைத்தான் அவர்கள் ஒரு 'ஃபார்' போட்டுப் பிரிக்கிறார்கள்.

மாப்பிள்ளை பார்ப்பது, பெண் பார்ப்பது எந்தப் பக்கம் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கோம்" என்றால் 'லுக்கிங் ஃபார்'. ஆள் இன்னும் கிடைக்கவில்லை. "நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்" என்றால் பெண் யாரென்று தெரிந்தாயிற்று, பஜ்ஜியும் கேசரியும் தயாராகின்றன. அதற்கு 'லுக் ஃபார்' பொருந்தாது. 'லுக் அட்' போட்டாலோ கடையில் பொருள் பார்ப்பதுபோல இருக்கும். "தே ஆர் கமிங் டு மீட் ஹெர்" என்று எழுதிவிடுவது மரியாதை.

இனி அந்தப் பெண் கேட்ட 'ஆஃப்டர்'. இதன் அடிப்படைப் பொருள் பின்னால். "ஹி ரேன் ஆஃப்டர் தி பஸ்" என்றால் பஸ்ஸின் பின்னாலேயே ஓடினான். அப்படியானால் 'லுக் ஆஃப்டர்' என்பது ஒருவர் பின்னாலேயே கண்ணை ஓட்டுவது. நடை பழகுகிற குழந்தை இருக்கும் வீட்டைக் கண்ணுக்குள் கொண்டுவாருங்கள். குழந்தை வராந்தாவுக்குப் போனால் பாட்டியின் கண் வராந்தாவுக்குப் போகும், படிக்கட்டுக்குப் போனால் படிக்கட்டுக்குப் போகும், மிக்ஸி பிளக்கைப் பிடுங்கப் போனால் கண்ணோடு பாட்டியே போவாள். அந்தப் பின்தொடரும் கண்தான் கவனித்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. எழுத்து வழக்கில், கிளம்பிப் போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் இன்றும் 'லுக்ட் ஆஃப்டர் ஹிம்' என்று வருவதுண்டு.

தமிழில் நாம் இதற்குப் பெயரைத் தொடாமல் வினையின் பின்னால் 'கொள்' சேர்க்கிறோம்: பார்த்துக்கொள். பேச்சில் இன்னும் சுருங்கி "அம்மாவைப் பாத்துக்கோ". வெறும் "அம்மாவைப் பார்" என்றால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்கூடப் போதும். 'க்கோ' சேர்ந்தால் பொறுப்பு வந்துவிடுகிறது. அந்த லீவு மெயிலில் விட்டுப்போனது இந்தப் பொறுப்புதான். 'ஆஃப்டர்' இல்லாமல் படித்தால் மேனேஜருக்கு ஒன்றும் விளங்காது. அம்மாவை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறாள், மதியம் ஆபீஸுக்கு வந்துவிடுவாள் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம்.

இந்தப் பொருள்கள் கல்லில் வெட்டியவை அல்ல. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், மத்தேயு 11ஆம் அதிகாரத்தில், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காக நாங்கள் 'லுக் ஃபார்' செய்ய வேண்டுமா என்று ஒரு கேள்வி வருகிறது. அங்கே அதற்குப் பொருள் தேடுவது அல்ல, எதிர்பார்ப்பது. அதே நூலில் லூக்கா 21ஆம் அதிகாரத்தில் உலகத்துக்கு வரப்போகிறவற்றை நினைத்து மனிதர்கள் 'லுக்கிங் ஆஃப்டர்' செய்வதாக வருகிறது. அதுவும் எதிர்பார்ப்பதுதான், கவனித்துக்கொள்வது அல்ல. நானூறு ஆண்டில் வால்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. நம் 'எதிர்பார்' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள்: எதிர், பார். வரும் திசையை நோக்கிப் பார்ப்பது. இரண்டு மொழியும் காத்திருப்பதைக் கண்ணில்தான் வைத்திருக்கின்றன.

'த்ரூ' என்றால் ஊடாக. "லுக் த்ரூ தி விண்டோ" என்றால் ஜன்னல் வழியாகப் பார். "லுக் த்ரூ தி ஃபைல்" என்றால் பக்கம் பக்கமாகப் புரட்டி அந்தக் கடைசிவரை போ. எதிரே வரும் சொந்தக்காரர் நம்மைக் கண்டும் காணாததுபோல, நாம் கண்ணாடி என்பதுபோலப் பார்வையை நமக்குள் புகுத்தி அப்பால் அனுப்புவார் பாருங்கள், அதற்கும் "ஹி லுக்ட் ஸ்ட்ரெய்ட் த்ரூ மீ" என்பார்கள். எனக்குப் பிடித்த பயன்பாடு இது.

'லுக் அப் டு' என்றால் ஒருவரை மதிப்பது, 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரமாகப் பார்ப்பது. உயரத்தில் இருப்பவரை அண்ணாந்தும் தாழ இருப்பவரைக் குனிந்தும் பார்ப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் இதற்கு விளக்கம் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரவேண்டும். 'லுக்'குக்குப் பின்னால் வரும் எல்லா முன்னிடைச் சொற்றொடரும் இப்படிப் பொருளை மாற்றுமா? மாற்றாது. "ஐ லுக்ட் அண்டர் தி காட் ஃபார் தி கேட்." கட்டிலுக்கு அடியில் பூனையைத் தேடினேன். இதில் இரண்டு வால்கள் இருக்கின்றன. 'அண்டர் தி காட்' என்பது இடம் சொல்வது. அதை எடுத்துவிட்டு 'பிஹைண்ட் தி டோர்' போடலாம், 'இன் தி கிச்சன்' போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம். 'லுக்'கின் பொருள் கெடாது. 'ஃபார் தி கேட்' அப்படியல்ல. அதிலுள்ள 'ஃபார்' போய் 'அட்' வந்தால் பூனை கிடைத்துவிட்டது. 'ஆஃப்டர்' வந்தால் பூனைக்கு நான் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது வாடகைக்கு இருப்பது, இரண்டாவது சொந்தக்காரர். எது எதுவென்று பிரிக்க ஒரு வழி உண்டு: கேள்வி கேட்டுப் பாருங்கள். 'அண்டர் தி காட்' என்பதற்குக் கேள்வி "எங்கே பார்த்தாய்?", ஆங்கிலத்தில் "வேர் டிட் யூ லுக்?" முன்னிடைச்சொல் கேள்வியில் கரைந்து காணாமல் போய்விடும். 'ஃபார் தி கேட்' என்பதற்குக் கேள்வி "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?" பெயர் போய்விட்டது, 'ஃபார்' மட்டும் கடைசியில் ஒண்டியாக நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும். வினைக்குச் சொந்தமான வாலை வெட்ட முடியாது.

தமிழில் யோசிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். "எதைப் பார்க்கிறாய்?" என்பதை அப்படியே "வாட் ஆர் யூ லுக்கிங்?" என்று கேட்டுவிடுகிறோம். 'எதை' என்பதில் 'ஐ' ஒட்டிக்கொண்டிருப்பதால் தமிழுக்குக் குறையில்லை. ஆங்கிலத்தில் அந்த 'ஐ'க்குப் பதிலான 'அட்' விட்டுப்போய்விடுகிறது. "வாட் ஆர் யூ லுக்கிங் அட்?" என்று முடிக்க வேண்டும். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்று உங்கள் பழைய ஆசிரியர் யாராவது சொல்லியிருக்கலாம். அந்தப் பிணக்கைக் கிளப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் டிரைடன் என்ற கவிஞர். 1672இல், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சன் அப்படி எழுதியதைக் குறையாகச் சொன்னார். மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றும் "அட் வாட் ஆர் யூ லுக்கிங்?" என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

செயப்பாட்டு வினையிலும் இதே ஒட்டுறவுதான்: "தி பேபி இஸ் பீயிங் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்." குழந்தை முன்னால் போய்விட்டது, 'ஆஃப்டர்' இருந்த இடத்திலேயே இருக்கிறது. தமிழில் "பாட்டியால் பார்த்துக்கொள்ளப்படுகிறது" என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. எனவே இதற்கு மொழிபெயர்ப்பு தேடாதீர்கள், அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் 'அப்'. "லுக் அப் தி ஸ்டேர்ஸ்" என்றால் மாடிப்படியின் மேல்பக்கம் பார். "லுக் அப் தி வேர்ட்" என்றால் அந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே தையல் வேறு. முதலாவதில் 'அப்' மாடிப்படியோடு சேர்ந்தது, நாம் பேசிவந்த முன்னிடைச்சொல். இரண்டாவதில் 'அப்' வினையோடு சேர்ந்தது, அது பெயரைத் தாண்டிக் குதிக்கும்: "லுக் தி வேர்ட் அப்." சொல்லுக்குப் பதில் 'இட்' வந்தால் குதித்தே ஆகவேண்டும்: "லுக் இட் அப்." 'ஆஃப்டர்' இப்படிக் குதிக்காது. "லுக் ஹெர் ஆஃப்டர்" என்று ஒருநாளும் வராது. ஆக, 'இட்' அல்லது 'ஹெர்' என்ற சின்னச் சொல்லை நடுவில் செருகிப் பார்த்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும்: நடுவில் உட்கார்ந்தால் ஒரு வகை, கடைசிக்குப் போனால் இன்னொரு வகை. இந்த மாதிரிக் கூட்டுகளுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் அந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித்தந்த பெயர் அது. அதற்குமேல் அந்தப் பக்கம் போகவேண்டாம், அது வேறு காடு.

ஆபீஸ் மெயில்களில் என் கண்ணை உறுத்தும் வரி ஒன்று உண்டு: "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ." தலை நரைத்தவர்கள்கூட இப்படி அனுப்புகிறார்கள். சரியானது "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". காரணம், ஆங்கிலத்தில் இரண்டு 'டு' இருக்கின்றன. "ஐ வாண்ட் டு மீட் யூ" என்பதில் வருவது வினைக்கு முன்னால் நிற்கும் 'டு'. 'ஃபார்வர்ட்'டுக்குப் பின்னால் வருவது முன்னிடைச்சொல் 'டு', நம் நான்காம் வேற்றுமைக் 'கு' மாதிரி. அதன்பின் பெயர்தான் வரலாம். வினை வரவேண்டுமென்றால் 'இங்' போட்டுப் பெயராக வேடம் கட்டிக்கொண்டு வரவேண்டும். நாமும் "சந்திக்குக் காத்திருக்கிறேன்" என்றா சொல்கிறோம்? "சந்திப்புக்குக் காத்திருக்கிறேன்", "சந்திப்பதற்குக் காத்திருக்கிறேன்" என்று பெயராக்கித்தானே 'கு' சேர்க்கிறோம்? எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால் வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடே" பொருந்துகிறது. "ஐ வாண்ட் டு தி ஹாலிடே" பொருந்தவில்லை. பொருந்தினால் 'இங்' போடுங்கள்.

'லுக் லைக்' பற்றி இரண்டு வரி. "ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்" என்றால் அவன் எதையும் பார்க்கவில்லை. நாம்தான் அவனைப் பார்க்கிறோம். தமிழிலும் "பார்க்க அவங்க அப்பா மாதிரியே இருக்கான்" என்கிறோம், அந்தப் 'பார்க்க' யாருடைய பார்வை என்று ஒருவரும் கேட்பதில்லை. 'லைக்'குக்குப் பின்னால் பெயர் வரும். "யூ லுக் டயர்ட்" என்பதில் வருவது பெயரல்ல, களைப்பாக இருக்கும் தன்மை. அதனால் அங்கே வால் கிடையாது.

வால் கிடையாது என்றதும் நினைவுக்கு வருகிறது. சில பேர் வாலின் அருமை தெரிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதில் 'பற்றி' இருப்பதால் "டிஸ்கஸ்ட் அபவுட் இட்". "சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பதில் 'கு' இருப்பதால் "ரீச்ட் டு சென்னை". 'டிஸ்கஸ்', 'ரீச்' இரண்டும் நேராகப் பெயரோடு சேர்கிறவை: "டிஸ்கஸ்ட் இட்", "ரீச்ட் சென்னை". தமிழில் உருபு இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தில் வால் இருக்கும் என்றும் இல்லை, இல்லாவிட்டால் இருக்காது என்றும் இல்லை.

எனவே ஒரு நோட்டுப் போட்டு எழுதுவதாக இருந்தால் "லுக் ஃபார் என்றால் தேடு" என்று எழுதிவைக்காதீர்கள். அது பரீட்சைக்கு முதல்நாள் இரவுக்கு உதவும், பேசும்போது உதவாது. "ஐ லுக்ட் ஃபார் மை ஸ்பெக்ஸ், தே வேர் ஆன் மை ஹெட்" என்று, உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வாலோடும் பெயரோடும் முழு வரியாக எழுதுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடிய மாமாவின் முகம் அந்த 'ஃபார்'ஐ மறக்கவிடாது.

'இன்டூ'வை வேண்டுமென்றுதான் கடைசிக்கு வைத்திருந்தேன். 'இன்' என்றால் உள்ளே இருப்பது. 'இன்டூ' என்றால் வெளியிலிருந்து உள்ளே போவது. "ஷி லுக்ட் இன்டூ தி வெல்" என்றால் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணை அடித்தண்ணீர்வரை இறக்கினாள். அதே இறக்கம்தான் ஒரு புகாரையோ கணக்கையோ துருவிப் பார்ப்பதற்கும் வந்தது. "தி போலீஸ் ஆர் லுக்கிங் இன்டூ தி தெஃப்ட்" என்றால் திருட்டை விசாரிக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடுவதற்கு இந்த வால் பொருந்தாது என்பது அகராதிக் கணக்கு.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். அம்மாவுக்குக் கண் தெளிவாகிவிட்டதாம். ஆனால் அந்த மூன்று நாள் லீவுக்கும் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அவள் தப்பில்லாத ஆங்கிலத்தில் கேட்டு எழுதியிருக்கிறாள், மேனேஜரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது: "ஐ வில் லுக் இன்டூ இட்."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்டூ வரைக்கும் புரியுது அக்கா. ஆனா இவர் சொல்றது 'பார்க்கிறேன்'ஆ, இல்ல 'பார்க்கலாம்'ஆ?"